இளஞ்சிவப்புக் கொட்டலசு: குளிர் துடைத்தெறிந்த பிறகும் திரும்பி வந்தது எப்படி?

கேள்வி மூன்று பகுதிகளாக வந்திருக்கிறது. மத்திய அமெரிக்காவின் பசிபிக் கரைக்குரிய பெரிய இளஞ்சிவப்புக் கொட்டலசு (பாறையிலும் கப்பலிலும் ஒட்டி வாழும் ஓட்டுயிர், ஆங்கிலத்தில் பார்னக்கிள்), அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்கிழக்குக் கரைக்கு எப்படி வந்தது? வெப்பமண்டல உயிர்தானே, ஒரு கடுங்குளிர் வந்தால் அழிந்துவிடாதா? அதனால் அங்குள்ள உயிர்களுக்குக் கேடு உண்டா?

இரண்டாவது பகுதியில்தான் விஷயமே இருக்கிறது. அந்தக் கடுங்குளிர் வந்தது. 2009-10 குளிர்காலத்தில், குறிப்பாக 2010 ஜனவரியில், புளோரிடாவுக்கு வடக்கே ஜார்ஜியா, தென் கரோலினா, வட கரோலினா கரைகளில் இருந்த கொட்டலசுக் கூட்டங்கள் செத்தொழிந்தன. ஆனால் அடுத்த சில ஆண்டுகளிலேயே அது மறுபடி வடக்கு நோக்கிப் பரவிவிட்டது. அயல் இனம் ஒன்று பரவுவதை வரைபடத்தில் அதன் வட எல்லைக் கோட்டை வைத்து அளக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கோடு முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டேதான் இருக்கும். தெற்கே பிழைத்துக் கிடக்கும் மூலக்கூட்டத்தையும், புதுக்கூட்டத்தை ஏற்றிவந்து இறக்கும் கப்பல்களையும் பார்க்காமல் இந்த உயிரைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

உயிரின் அறிவியல் பெயர் மெகாபலானஸ் காக்கோபோமா. 1854இல் இதற்குப் பெயரிட்டவர் சார்லஸ் டார்வின். பரிணாமக் கொள்கையை வெளியிடுவதற்கு முன் எட்டு ஆண்டுகளைக் கொட்டலசுகளுக்கே கொடுத்தவர் அவர். ஆனால் இதைத் தனி இனமாக அவர் கருதவில்லை. உலகக் கப்பல்களிலெல்லாம் ஒட்டிக்கொண்டு திரியும் டின்டினாபுலம் என்ற பெரிய கொட்டலசின் ஒரு வகையாகவே வைத்தார். தனி இனம் என்ற நிலை பின்னால்தான் கிடைத்தது. இது வெறும் பெயர்க்கணக்கு அல்ல. இரண்டையும் ஒன்றாக எண்ணிய காலத்துப் பதிவுகளில் எது எங்கே இருந்தது என்பதைப் பிரித்தெடுப்பது கடினம். புதிதாக வந்தது என்று இன்று சொல்லப்படும் சில இடங்களில் அது முன்பே கவனிக்கப்படாமல் இருந்திருக்கலாம்.

பார்த்து அடையாளம் காண ஆசைப்படுபவர்களுக்கு: கூம்பு வடிவம், அகலமும் உயரமும் ஐந்து சென்டிமீட்டரைத் தொடக்கூடிய பருமன், வழவழப்பான இளஞ்சிவப்புச் சுவர், மேலே ஒப்பளவில் சிறிய வாய். சுவர்த் தகடுகளுக்கு நடுவே உள்ள பட்டைகள் ஒடுங்கியவை, வெளிறியவை. டின்டினாபுலத்தில் அந்தப் பட்டைகள் அகலமாக இருக்கும், வாயும் விரிந்திருக்கும். வயதான ஓடுகளில் பாசியும் பிற உயிர்களும் ஏறி நிறம் மங்கிவிடுவதால், நிறத்தை மட்டும் நம்பக் கூடாது.

கொட்டலசு சிப்பியைப் போலத் தோன்றினாலும் இறால், நண்டு ஆகியவற்றின் உறவினம். 1830இல் உயிரியலாளர் ஜான் வாகன் தாம்சன் அதன் இளம் பருவத்தைப் பார்த்த பிறகுதான் இது தெளிவானது. பரவலைப் புரிந்துகொள்ளவும் அந்த இளம் பருவத்திலிருந்தே தொடங்க வேண்டும். முட்டைகள் தாயின் ஓட்டுக்குள்ளேயே பொரிந்து, நாப்ளியஸ் என்ற நீந்தும் லார்வாக்களாக வெளியேறுகின்றன. அவை மிதவை உயிரிகளை உண்டு, ஆறு நிலைகளைக் கடந்து, கடைசியில் சிப்ரிட் என்ற வடிவத்தை அடைகின்றன. சிப்ரிட் எதையும் உண்பதில்லை. சேமித்த கொழுப்பு தீர்வதற்குள் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்துத் தலைப்பக்கத்தை ஒட்டிக்கொள்வது மட்டுமே அதன் வேலை. ஒருமுறை ஒட்டினால் வாழ்நாள் முழுவதும் அங்கேதான்.

எங்கே ஒட்டுவது என்பதில் சிப்ரிட் மிகுந்த கவனம் காட்டுகிறது. உணர்கொம்புகளால் பரப்பைத் தொட்டுத் தொட்டு நடந்து, தன் இனத்தின் முதிர்ந்த உயிர்கள் விட்டுச்சென்ற புரதச் சுவடு இருக்கிறதா என்று தேடுகிறது. காரணம் எளிது. கொட்டலசு இருபால் உயிரியானாலும் பெரும்பாலான இனங்கள் அடுத்ததோடு கலந்தே கருவுறுகின்றன. நகர முடியாத உடம்பிலிருந்து ஆணுறுப்பை நீட்டிப் பக்கத்து ஓட்டை எட்ட வேண்டும். எட்டும் தூரத்தில் துணை இல்லையென்றால் வாரிசு இல்லை. அதனால் ஒரு துறைமுகத்துக்கு வந்து சேரும் தனியான ஓர் உயிரால் பெரிதாக எதுவும் நடந்துவிடாது. ஒரே கப்பலின் அடியில் நூற்றுக்கணக்கில் நெருக்கமாக ஒட்டிவரும் முதிர்ந்த கூட்டம், வெதுவெதுப்பான நீரில் சில நாள் நின்று லார்வாக்களை விட்டுச்செல்வதுதான் ஆபத்து. மிதவை லார்வாக்கள், கப்பல் நிலைகுலையாமலிருக்க அதன் தொட்டிகளில் ஏற்றும் நிலைப்பு நீரிலும் பயணிக்கக்கூடும். ஆனாலும் இந்த இனத்தைப் பொறுத்தவரை கப்பலின் அடிப்பரப்பையே நான் முதல் வாகனமாகக் கருதுகிறேன். பெரிய, வேகமாக வளரும், சில மாதங்களிலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகும் உயிருக்கு அதைவிடப் பொருத்தமான வாகனம் கிடையாது. கப்பலின் தட்டையான சுவரைவிடச் சுக்கான் மூலைகள், கடல்நீர் உறிஞ்சும் குழிகள், சாயம் சரியாகப் பூசப்படாத இடுக்குகள் ஆகியவற்றில்தான் இவை செழிக்கின்றன. மெதுவாக இழுத்துச்செல்லப்படும் எண்ணெய்த் துரப்பண மேடைகளும் படகுத்தளங்களும் இன்னும் மோசம். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றுவிட்டு, ஒட்டிய உயிர்களை உதறாத வேகத்தில் வேறு கடலுக்குப் போய்ச் சேர்பவை அவை.

இந்தக் கொட்டலசின் தாயகக் கரை மெக்சிகோவிலிருந்து ஈக்வடார் பக்கம் வரை. அங்கேகூட அதன் எல்லை நிலையானதாக இருந்ததில்லை. பசிபிக் நீர் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ 1982-83இல் பெரிதாக வந்த பிறகு, வழக்கமாகக் குளிர்ந்த தெற்கு கலிபோர்னியக் கரையில், சான் டியாகோ பகுதியில் இது தென்பட்டது. வெப்பம் வடக்கே நகர்ந்தபோது இதுவும் நகர்ந்தது. அட்லாண்டிக்கில் பின்னர் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த நிகழ்வு முக்கியமானது. எல்லையில் ஏறி இறங்குவது இந்த உயிரின் இயல்பு. தாயகத்தில் கடல் நீரோட்டமே அதைக் கொண்டுபோனது, அந்நியக் கடலில் கப்பல்கள் முதல் அடியை எடுத்துக் கொடுத்தன.

அட்லாண்டிக்கில் முதலில் பதிவானது பிரேசிலில், 1970களில், ரியோ டி ஜெனிரோ பகுதியில். அங்கிருந்து நாட்டின் தெற்குக் கரைகளுக்கும் பரவியது. பிறகு பெல்ஜியக் கரைக்கு அப்பால் வட கடலில் மிதக்கும் வழிகாட்டி மிதவைகளில் கண்டெடுக்கப்பட்டது. ஜப்பானிலும் மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலும் பதிவாயிற்று. அமெரிக்காவில் 2000களின் தொடக்கத்தில் லூசியானா பகுதியில் கவனிக்கப்பட்டது. அதே பத்தாண்டின் நடுப்பகுதியிலிருந்து புளோரிடா முதல் வட கரோலினா வரை அலைத்தடுப்புச் சுவர்களிலும் பாலத்தூண்களிலும் மிதவைகளிலும் பரவலாகத் தெரிய ஆரம்பித்தது.

இங்கே ஒரு விஷயத்தை ஊன்றிச் சொல்ல வேண்டும். புளோரிடாவின் வடகோடியிலிருந்து வட கரோலினா வரையிலான கரையில் இயற்கைப் பாறை மிக அரிது. மணல் கடற்கரை, உவர்ச் சதுப்பு, சேறு, இவைதான் அங்கே பரந்து கிடக்கின்றன. ஒட்டி வாழும் உயிருக்கு அது பாலைவனம். ஆனால் கடந்த நூறு, நூற்றைம்பது ஆண்டுகளில் மனிதர்கள் அந்தக் கரையில் கருங்கல்லும் கான்கிரீட்டும் இரும்பும் போட்டு, கப்பல் வாய்க்கால்களைக் காக்கும் நீண்ட அலைத்தடுப்புகளையும் மீன்பிடி மேடைகளையும் கட்டியிருக்கிறார்கள். ஒன்றிலிருந்து அடுத்தது லார்வா மிதந்து எட்டக்கூடிய தூரம். தீவுக்கூட்டம் ஒன்றைச் செயற்கையாக உருவாக்கி வைத்துவிட்டு, அதில் யார் குடியேறினார்கள் என்று நாம் வியக்கிறோம். மெக்சிகோ வளைகுடாவின் எண்ணெய் மேடைகளுக்கும் இது அப்படியே பொருந்தும். வெப்பநிலை ஏறுவதைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இந்தக் கட்டுமானங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு நீண்ட நாள் மனக்குறை. கல் இல்லாத கரையில் எவ்வளவு வெதுவெதுப்பிருந்தாலும் இந்தக் கொட்டலசுக்குக் கால் ஊன்ற இடமில்லை.

இனி 2010 ஜனவரிக்கு வருவோம். வடதுருவப் பகுதியின் காற்றழுத்த ஏற்றத்தாழ்வான ஆர்க்டிக் அலைவு மிகக் கடுமையான எதிர்மறை நிலைக்குப் போன குளிர்காலம் அது. வடதுருவக் காற்று புளோரிடாவின் தென்முனை வரை இறங்கி, நாட்கணக்கில் நகராமல் நின்றது. ஆயிரக்கணக்கான கடலாமைகள் உடல் விறைத்து மிதந்தன. கடற்பசுக்கள் பெருமளவில் மாண்டன. புளோரிடாவின் தென்முனைத் தீவுகளான கீஸின் பவளத்திட்டுகளின் கரையோரப் பகுதிகளில் பவளங்கள் வெளுத்துச் செத்தன. ஜார்ஜியா, கரோலினா கரைகளில் நிலைமை இன்னும் கடினமானது. அங்கே கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடல்தளமான கண்டத்திட்டு நூறு கிலோமீட்டருக்கு மேல் அகன்று கிடப்பதால், வெப்ப நீரைக் கொண்டுவரும் வளைகுடா நீரோட்டம் கரையிலிருந்து வெகுதூரத்தில்தான் ஓடுகிறது. கரையோர ஆழமற்ற நீர் குளிர்க்காற்றில் விரைவாகச் சில்லிட்டுவிடும். ஓதம் (கடல்மட்டத்தின் அன்றாட ஏற்றஇறக்கம்) வற்றும்போது வெளியே தெரியும் கொட்டலசுகள் உறைபனிக் காற்றையும் சேர்த்துத் தாங்க வேண்டியிருந்தது. தாங்கவில்லை. அந்த வசந்தத்தில் கல்சுவர்களில் எஞ்சியவை காலி ஓடுகள்.

அதே ஜனவரியில் இன்னொரு அயல் இனமும் அடிபட்டது, அது நம் கரைக்குரிய உயிர். பச்சை ஆளி எனப்படும் பெர்னா விரிடிஸ் என்ற சிப்பியினம், இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு பசிபிக்கிலும் இயல்பாக வாழ்வது. நம் கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குக் குளிர்விப்பு நீரைக் கொண்டுவரும் கடலடிச் சுரங்கத்தில் பெருமளவில் ஒட்டி வளர்ந்து, பல பத்தாண்டு ஆய்வுகளுக்குக் காரணமானதும் அதுவே. 1990இல் டிரினிடாட்டிலும் 1999இல் புளோரிடாவின் டாம்பா விரிகுடாவிலும் கண்டறியப்பட்டது. 2010 குளிரில் ஓதமட்டத்துக்கு மேல் வெளிப்பட்டுக் கிடந்த பச்சை ஆளிகள் திரளாகச் செத்தன. கண்ணால் பார்க்க முடிந்தவை அழிந்ததைக் கண்டு சிக்கல் தீர்ந்துவிட்டதாக எண்ணுவது எளிது. ஆனால் எப்போதும் நீருக்குள்ளேயே இருப்பவைக்கு அந்த உறைபனிக் காற்று எட்டாது.

கொட்டலசும் அப்படித்தான் தப்பியது. எல்லையோரக் கூட்டங்கள் அழிந்தன. புளோரிடாவின் மூலக்கூட்டம் பிழைத்தது. அடுத்தடுத்த குளிர்காலங்கள் அவ்வளவு கடுமையாக இல்லாதபோது, வசந்தத்திலும் கோடையிலும் விடப்பட்ட லார்வாக்கள் வடக்கே செல்லும் நீரில் மிதந்து, அதே கல்சுவர்களை எட்டின. ஆண்டுதோறும் நடத்தப்பட்ட கரைக் கணக்கெடுப்புகளில் எல்லை படிப்படியாக வடக்கே நகர்வது ஆவணப்படுத்தப்பட்டது. பல பத்தாண்டுகளில் நடக்கும் என்று நாம் எதிர்பார்க்கும் இடப்பெயர்ச்சி ஒரு சில பருவங்களில் நடந்துவிட்டது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: ஒரு கடுங்குளிர் எல்லையைப் பின்னுக்குத் தள்ளுகிறது, ஆனால் அடுத்த கடுங்குளிர் வருவதற்குள் அது மீண்டுவர எத்தனை ஆண்டு கிடைக்கிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. சராசரி வெப்பநிலை ஒரு டிகிரி கூடுவதைவிட, அத்தகைய கொடுங்குளிர்கள் எவ்வளவு இடைவெளியில் வருகின்றன என்பது இந்த உயிருக்கு முக்கியம். புவி வெப்பமடையும்போது அந்த இடைவெளி நீள்வதைத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

கேடு பற்றி. இதில் மிகைப்படுத்தலும் அலட்சியமும் இரண்டுமே நடக்கின்றன. ஜார்ஜியா, கரோலினா கரைகளில் இது பெரும்பாலும் வாழ்வது மனிதக் கட்டுமானங்களில், அதுவும் உப்பு மிகுந்த, அலை அடிக்கும் திறந்த கரையில். ஆற்றுக் கழிமுகங்களுக்குள் உப்பு குறைவதால் அது ஏறிப்போவதில்லை. அந்தப் பகுதியின் உண்மையான செல்வமான கழிமுகச் சிப்பிப் படுகைகளுக்கு இது நேரடி எதிரி அல்ல. ஆகவே அங்கே ஒரு சூழல் பேரழிவு என்று எழுதுபவர்களோடு நான் உடன்படவில்லை. பிரேசிலின் கதை வேறு. அங்கே இயற்கைப் பாறைக் கரைகள் உண்டு, அவற்றில் உள்ளூர்க் கொட்டலசுகளும் ஆளிகளும் வாழும் மட்டத்திலேயே இது இடம் பிடிக்கிறது. பாறைக்கரையில் எல்லாவற்றுக்கும் அடிப்படை இடம்தான். பெரிய உடம்போடு வேகமாக வளரும் ஓர் உயிர் ஒரு சாண் பாறையை மூடிவிட்டால், அதில் இருந்திருக்க வேண்டியவை இல்லாமல் போகின்றன. அதே சமயம் செத்த பெரிய ஓடுகள் காலியான பிறகும் பல காலம் ஒட்டியே இருக்கும். சிறு நண்டுகளுக்கும் பிளென்னி என்ற குட்டி மீன்களுக்கும் அவை வீடாகின்றன. இதை நன்மை என்று சொல்ல வரவில்லை. அந்த இடத்தில் வாழும் உயிர்க்கூட்டமே மாறிவிடுகிறது என்பதைச் சொல்கிறேன்.

அயல் கொட்டலசின் பாதிப்பைச் சோதனையாகவே செய்து பார்த்த இடம் ஹவாய், உயிரும் வேறு. அட்லாண்டிக்கின் வெப்பக் கரைகளுக்குரிய சிறிய தமலஸ் புரோட்டியஸ், 1973இல் நடந்த கணக்கெடுப்பில் ஹவாயில் இல்லை. 1990களின் நடுவில் கவனிக்கப்பட்டபோது ஓவாஹு தீவின் அமைதியான விரிகுடாக்களில் உயர் ஓதமட்டத்தை அடர்த்தியாகப் போர்த்தியிருந்தது. மரபணு ஆய்வுகள் அது ஒரே தடவையில் வந்ததல்ல, அட்லாண்டிக்கின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து பலமுறை வந்தது என்று காட்டின. அங்கே சைஃபனேரியா என்ற கூம்பு ஓட்டு நத்தை பாறையில் ஊர்ந்து பாசியை மேய்கிறது. அப்படி மேய்ந்து சுத்தமான இடத்தில்தான் கொட்டலசு லார்வாக்கள் அதிகமாகக் குடியேறின. பிறகு வளர்ந்த கொட்டலசுகள் அதே நத்தையின் மேய்ச்சல் நிலத்தைக் குறைத்தன. தன்னை நெருக்கப்போகும் போட்டியாளருக்குத் தானே தரையைத் துப்புரவாக்கிக் கொடுத்தது அந்த உள்ளூர் உயிர். ஒரு புதிய இனம் என்ன செய்யும் என்பதை அதன் பருமனையும் வளர்வேகத்தையும் மட்டும் வைத்து ஊகிப்பது எவ்வளவு குறைபாடானது என்பதற்கு இதைவிட நல்ல சான்று என்னிடம் இல்லை. ஒவ்வொரு கரையிலும் தனியாகச் செய்து பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

பொருளாதாரப் பாதிப்பில் சந்தேகத்துக்கு இடமில்லை. கப்பலின் அடியில் பெரிய கொட்டலசு ஒட்டினால் நீரின் இழுவை கூடுகிறது, எரிபொருள் செலவு ஏறுகிறது. குளிர்விப்பு நீர்க் குழாய்கள் குறுகுகின்றன. வழிகாட்டி மிதவைகள் எடை கூடி அமிழ்கின்றன.

தடுப்பதற்கு என்ன இருக்கிறது? கப்பல் அடிச் சாயங்களில் நீண்ட காலம் டிரைபியூட்டைல் டின் என்ற வெள்ளீயச் சேர்மம் பயன்பட்டது. கொட்டலசுகளை நன்றாகத் தடுத்தது. கூடவே கடல்நத்தைகளின் இனப்பெருக்கத்தையே சிதைத்தது. 2001இல் ஏற்கப்பட்டு 2008இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச உடன்படிக்கை அதைத் தடைசெய்தது. தடை சரியானது, அதில் எனக்கு ஐயமில்லை. இன்று பெரும்பாலும் செம்புச் சாயங்களும், உயிர்கள் பிடித்துக்கொள்ள முடியாத வழுக்குப் பூச்சுகளும் பயன்படுகின்றன. நிலைப்பு நீரைப் பற்றிய உடன்படிக்கை 2004இல் ஏற்கப்பட்டு 2017 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. அது கப்பல் அடியில் ஒட்டி வருபவற்றைத் தொடுவதில்லை. அவற்றுக்கு 2011இல் வெளியாகி 2023இல் திருத்தப்பட்ட சர்வதேச வழிகாட்டுதல்கள் இருந்தாலும், அவை கட்டாயமல்ல. நியூசிலாந்து 2018 முதல், வரும் கப்பல்களின் அடி சுத்தமாக இருப்பதைத் தன் எல்லையில் கட்டாயமாக்கியிருக்கிறது. பெரும்பாலான நாடுகள் அதைப் பின்பற்றாதவரை இந்தக் கதவு திறந்தேதான் கிடக்கும். சுரண்டுவதிலும் கவனம் தேவை. ஓட்டுக்குள் முட்டைகளை அடைகாக்கும் கொட்டலசை நீருக்கடியில் சுரண்டி அப்படியே விழவிட்டால், பொரியும் நிலையிலுள்ள லார்வாக்களைத் துறைமுகத்திலேயே கொட்டியதாக ஆகும். சுரண்டியதை உறிஞ்சிச் சேகரிக்கும் கருவியோடுதான் அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

நம் கரையில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சென்னையிலோ தூத்துக்குடியிலோ துறைமுகச் சுவரில் பெரிய இளஞ்சிவப்புக் கொட்டலசைப் பார்த்ததும் இதுதான் அது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். டின்டினாபுலம் நம் கரைகளில் நெடுங்காலமாக இருக்கிறது, அதுவும் சிவப்பும் ஊதாவுமாகவே தோன்றும். ஓட்டின் பட்டைகளும் வாயும் தெரியும்படி மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் அளவுகோலோடு படமெடுங்கள். ஓதமட்டத்திலிருந்து எவ்வளவு கீழே இருந்தது, கல்லா இரும்பா, தேதி என்ன என்பதைக் குறித்துவையுங்கள். முடிந்தால் வாயை மூடும் உள்மூடித் தகடுகளோடு ஓர் ஓட்டை எடுத்து, கடல்வாழ் உயிரியல் துறை உள்ள அருகிலுள்ள பல்கலைக்கழகத்தில் கொடுங்கள். இனத்தைப் பிரித்துச் சொல்ல அந்தத் தகடுகளே பெரிதும் உதவும். உயிர் செத்ததும் முதலில் உதிர்ந்துபோவதும் அவையே என்பதால், காலி ஓட்டை எடுப்பதைவிட உயிருள்ளதை எடுப்பது நல்லது.